கற்பூரச் சத்தியம்

வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் கையை நீட்டி மார்க்கண்டுவிடம் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள் குணலட்சுமி. வாசல் படலையைத் திறந்த பரமலிங்கம் சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டான்.

நிற்காமல் என்ன செய்வான்? இந்த மார்க்கண்டுவின் தமையன் சோமசேகரத்தை வெட்டிக் கொன்றதற்காகத்தானே அவள் கணவன் சீவரத்தினம் மறியலில், சிறைக் கம்பிக்குள் கிடக்கிறான்! வேலிக் கதியாலை அரையடி தள்ளி நட்டதில் தொடங்கிய எல்லைச் சண்டை. ஆடி அமாவாசையன்று, தம்பி பரமலிங்கம் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போயிருந்த நேரமாம். சீவரத்தினம் தானே பொலிசுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்.

தாய் செத்த பிறகு பரமலிங்கத்தைத் தோளில் தூக்கி வளர்த்தவன் தமையன் சீவரத்தினம்தான். அவன் பெண்சாதி இப்படிச் செய்யலாமா?

"மச்சாள், உவனுக்கென்ன உங்கை வேலை?"

"புகையிலைக்கு வாய்க்கால் தண்ணி மாறித் தந்தவர். தேத்தண்ணி குடுத்தனான். அதிலை என்ன?"

பரமலிங்கம் மார்க்கண்டுவை முறைத்தான். ஆனாலும் கொண்டுவந்த சேதி பெரிது. அதை முதலில் சொன்னான்.

"சட்டம் மாறிப்போச்சு மச்சாள்! ஆத்திரத்திலை செய்த கொலைக்கு இனி உவ்வளவு காலம் மறியல் இல்லையாம். பழைய ஆக்களுக்கும் குறைப்பினமாம். வழக்குப் பேசிற பிரக்கிராசியார் இரக்க மனுவா ஒரு பெட்டிசமும் எழுதித் தந்திட்டார். பெண்சாதி கேட்டால் கோட்டிலை நீதவான் இரங்குவாராம். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் அண்ணை தைப்பொங்கலுக்கு வீட்டிலை நிப்பார்."

வேறொருத்தியாக இருந்தால் பிள்ளையாருக்கு அந்த இடத்திலேயே தேங்காய் நேர்ந்திருப்பாள். குணலட்சுமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, "என்னெண்டு எழுதியிருக்கு?" என்றாள்.

"என்னெண்டு எழுதுறது? செய்த குற்றத்துக்கு மனம் வருந்துறார், இரங்கிக் குறையுங்கோ எண்டுதான்."

"இப்ப வேண்டாம் தம்பி. பிறகு பாப்பம்."

பிறகாம் பிறகு! அன்று பரமலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் மறியலிலேயே கிடக்கட்டும் என்று எந்தப் பெண்சாதி நினைப்பாள்? வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருந்தால் நினைப்பாள்.

மறுநாள் தோட்டத்துக்குள் ஒளித்து நின்று பார்த்தான். அதற்கடுத்த நாளும் பார்த்தான். பொட்டடியில் இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். இவன் தலைக்கறுப்பைக் கண்டதும் கதை நின்றது. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஊர் சிரிக்குது மச்சாள்! அந்தச் சோமசேகரம் கதியாலைப் பிடிச்சுக்கொண்டு எங்கடை அம்மாவை எவ்வளவு தூஷணத்தாலை பேசினவன். பேசின வாய் மூடமுந்தித்தான் சரிஞ்சு விழுந்தவன். அவன்ரை தம்பியோடை உங்களுக்கென்ன குசுகுசுப்பு?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய் திறக்கமாட்டியளோ? அப்ப வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்கு வாங்கோ. உவனுக்கும் உங்களுக்கும் ஒண்டுமில்லையெண்டு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ!"

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. கோட்டில் கூசாமல் பொய் சொல்பவர்கள்கூட அதற்கு மட்டும் கிட்டப் போகமாட்டார்கள். அவள் அழுவாள், காலில் விழுவாள் என்றுதான் பரமலிங்கம் எதிர்பார்த்தான்.

"ஓம், பண்ணுறன்" என்றாள் குணலட்சுமி. "நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாரும். மார்க்கண்டண்ணையும் வரட்டும்."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பரமலிங்கமே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்தான். ஊர் அதிகாரியான விதானையாரையும் விடவில்லை. மார்க்கண்டு ஒரு தூணோரம் வந்து நின்றான். இன்றைக்கு இவள் வேசம் கலையும் என்று பரமலிங்கம் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

தட்டில் கற்பூரம் எரிந்தது.

"இவர் எனக்குக் கூடப்பிறந்த அண்ணை மாதிரி. நான் மனசாலையும் ஒரு பிழை நினைச்சதில்லை. இது சத்தியம்!"

எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கையை அமர்த்தி அணைத்தாள். ஒரு நடுக்கமும் இல்லை.

பரமலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனதுக்குள் சந்தோஷமும் வந்தது. மடியிலிருந்த பெட்டிசத்தை எடுத்து நீட்டினான்.

"குறை நினையாதையுங்கோ மச்சாள். இனியென்ன, கையெழுத்தை வையுங்கோ. அண்ணை வரட்டும்."

அவள் அதை வாங்கவில்லை. இன்னொரு கற்பூரக் கட்டியைத் தட்டில் வைத்துக் கொளுத்தி அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீர் அணையும் தம்பி. உம்மடை அண்ணை ஒருத்தருக்கும் சொல்லாத சோமசேகரத்தின்ரை கடைசிப் பேச்சு, கீரிமலையிலை நிண்ட உமக்கு எப்பிடித் தெரியும்? வெட்டினது உம்மடை அண்ணைதான் எண்டு சொல்லி அணையும்."

"நானோ? எனக்கென்னத்துக்குச் சத்தியம்?" சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

விதானையார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். மார்க்கண்டுவும் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பரமலிங்கம் கையை நீட்டினான். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

"மச்சாள்..." பெட்டிசத்தை மறுபடியும் நீட்டினான். "அண்ணைக்குத் தண்டனை குறையவேணுமெல்லோ?"

"குறைக்கத் தேவையில்லைத் தம்பி. ஆளை மாத்தினாக் காணும்!"