கீழேயும் ஒரு கையெழுத்து

“வேண்டாம்மா. வழக்கமான படிப்பே போதும்,” என்றார் அப்பா.

பிளஸ் டூவுக்குப் பதிலாகப் படிக்கும் பன்னாட்டு டிப்ளமோவுக்கான விண்ணப்பத்தை மகள் அவர் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். இன்றுதான் கடைசி நாள்.

“ஏன்ப்பா?”

“ஆறு பாடம். நாலாயிரம் வார்த்தையில ஆராய்ச்சிக் கட்டுரை. போதாததுக்கு சமூக சேவை வேற. ரெண்டு வருஷம் தூக்கத்தையே மறந்துட வேண்டியதுதான்.”

“ஸ்கூல் கையேட்டுல அப்படிப் போடலையே? ‘விளையாட்டாகக் கற்கலாம், சுமையே இல்லை’ன்னுல்ல இருக்கு?”

“பிள்ளை பிடிக்க ஆயிரம் எழுதுவாங்க. அதையெல்லாம் நம்பிடறதா?”

“நான் நம்பலைப்பா. கஷ்டம்னு தெரிஞ்சுதான் கேக்கறேன். மனப்பாடம் பண்ணிப் பண்ணி எனக்கு அலுத்துப்போச்சு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். இந்த வழக்கில் ஆஜராக மறுத்து, அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல், ‘பெற்றோர்’ என்ற இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“கீழேயும் ஒண்ணு போடுங்கப்பா.”

“அதை ஸ்கூல்ல வந்து வாங்கிக்கோ.”

“உங்க ரூம் வாசல்ல எப்பப் பாரு க்யூ. இங்கேயே போட்டுடுங்க.”

அந்தப் பள்ளியின் டிப்ளமோ ஒருங்கிணைப்பாளரான அப்பா பெருமூச்சு விட்டார். ‘இம்மாணவிக்கு இப்படிப்பு சுமையாக இருக்காது என உறுதியளிக்கிறேன்’ என்று தானே அச்சடித்து வைத்திருந்த வரிக்குக் கீழே இரண்டாவது கையெழுத்தையும் போட்டார்.

அம்மா டீயை நீட்டினாள்.

“அந்தக் கையேட்டை, எழுதினவரே இனிமே நம்பித்தான் ஆகணும்.”