கப்பலேறிய மக்காச்சோளம்

மெக்சிகோத் துறைமுகத்தில் அயல்நாட்டுக் கப்பல் ஒன்று நின்றது. மக்காச்சோளத்துக்கு மூட்டைக்குள் இருப்புக்கொள்ளவில்லை.

"மூவாயிரம் வருஷமாக இந்த ஊருக்கு டார்ட்டியா ரொட்டி நான்தான். அரசனுக்கும் நான்தான், அவன் பல்லக்கைத் தூக்குகிறவனுக்கும் நான்தான். இனி அக்கரைக்கும் நான்தான்" என்றது.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கண்ணே" என்றது பக்கத்துப் பானையில் இருந்த சுண்ணாம்பு. "என்னோடு வெந்து ஊறினால்தானே உங்கள் தோல் கழன்று, மாவு பதமாகி, ரொட்டியில் சத்து சேர்கிறது?"

"சுவருக்குப் பூசுகிற உனக்குப் பந்தியில் என்னடா வேலை?" என்று சொல்லிவிட்டு, சோளம் தனியாகக் கப்பலேறியது.

அக்கரையில் அமோக வரவேற்பு. ஏழைகள் மூன்று வேளையும் சோளக்கூழே குடித்தார்கள். சில வருஷங்களில் அவர்களுக்குத் தோல் வெடித்தது, புத்தி தடுமாறியது. பதினொரு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த தலைமை வைத்தியர், சோளத்தில் விஷம் இருப்பதாகச் சொல்லி, அத்தனையையும் கொளுத்த நாள் குறித்தார்.

நடுங்கிப்போன சோளம், ஊர் திரும்பும் கப்பலில் சொல்லியனுப்பியது: "தம்பி, கொளுத்துவதற்குள் வந்து சேர்."

சுண்ணாம்பு அடுத்த கப்பலிலேயே வந்து இறங்கி, நேரே கொதிக்கும் பானைக்குள் குதித்தது. சோளம் வெந்தது, அரைபட்டது, கல்லில் உப்பி எழுந்தது. தின்றவர்கள் தேறினார்கள். தெருவெல்லாம் சோளத்துக்கு வாழ்த்து முழக்கம்.

கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த சுண்ணாம்பு, போகிற போக்கில் கத்தியது: "அண்ணே, என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னீர்களா?"

வைத்தியரின் தட்டில் இருந்த கடைசி ரொட்டி பதில் சொன்னது: "சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தம்பி. அதற்குள் வைத்தியர் வாயைத் திறந்துவிட்டார்."