ஃப்ரீயும் த்ரீயும்

“நாக்கை நீட்டும்மா. இன்னும் கொஞ்சம். பல்லுக்கு நடுவுல நிக்கட்டும்.”

அவள் நீட்டினாள். எதிரே இருந்த ஆசிரியை வைத்தியரைப்போலக் குனிந்து அவள் வாயையே உற்றுப் பார்த்தார்.

“இப்ப காத்தை மட்டும் விடு.”

“த்ரீ,” என்றாள்.

“அப்படித்தான். இப்ப மேல்பல்லு கீழுதட்டைத் தொடட்டும்.”

“ஃப்ரீ.”

“நல்லா இருக்கு. போய் உன் இடத்துல உக்காரு. போன்ல கேட்டுப் பார்த்துடுவோம்.”

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் நிறுவனம் அது. புதிதாக வருபவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பைப் பழக்கி, தேறினார்களா என்று முடிவு சொல்வது இந்த ஆசிரியையின் வேலை. தேறவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் மறுநாள் வர வேண்டியதில்லை.

அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பயிற்சிக்கு இன்றுதான் கடைசி நாள். துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கே வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவள் இவள் ஒருத்திதான்.

“ஷிப். ஷீப்.”

“கப்பல் கப்பலா இருக்கு, ஆடு ஆடா இருக்கு. அடுத்தது.”

“ஃப்ரீ. த்ரீ.”

ஹெட்போனில் பெருமூச்சு கேட்டது. “ரெண்டும் ஒண்ணாவே இருக்கும்மா. மூணுன்னு சொல்ற இடத்துல இலவசம்னு சொன்னா கம்பெனி தாங்குமா?”

மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே பதில். ‘ஸிங்க்’, ‘திங்க்’ என்று வேறு ஜோடிக்குப் போனாலும் அதே கதைதான். கடிபட்டுக் கடிபட்டு நாக்கின் நுனி எரிந்தது.

ஆசிரியை ஹெட்போனைக் கழற்றி, ஊதித் துடைத்து மாட்டிக்கொண்டார். “போன வாரம்தான் இதையும் மாத்தினேன். என் முன்னாடி இருக்கிற நாக்கு போன்ல எங்கம்மா ஓடிப்போகுது?” அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

“தெரியல மேடம். வீட்லயும் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். ‘சாப்பிடுறப்பயாவது நாக்கை உள்ள வையேன்’னு தங்கச்சி கிண்டல் பண்றா.”

ஆசிரியை சிரித்துவிட்டார். “சரி, இங்க வா. கம்ப்யூட்டர்ல மாதிரிப் பதிவு ஒண்ணு இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பேசி வச்சது. ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு மட்டும் கவனி.”

இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பதிவு ஓடி முடிந்தது. ஆசிரியை மறுபடி ஓடவிட்டார். பிறகு சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை ஓடவிட்டார்.

“உனக்கு வித்தியாசம் தெரியுதாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நல்லாத் தெரியுது மேடம். முதல்ல ஃப்ரீ, அப்புறம் த்ரீ. எவ்வளவு சுத்தமாச் சொல்லியிருக்கீங்க. எனக்குத்தான் வாயில வரமாட்டேங்குது.”

ஆசிரியை ஹெட்போனின் வயரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். முகம் வெளுத்திருந்தது. தேறாததை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அந்தத் தவிப்பைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “என்ன மேடம், பொண்ணு எப்படி? ஆள் எடுக்கிறதுக்கு மெஷின் வாங்கிடலாம்னு மேலிடத்துல குதிக்கிறாங்க. மேடம் காது இருக்கிறப்ப மெஷின் எதுக்குன்னு நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.”

ஆசிரியை வாய் திறக்குமுன் அவள் எழுந்து நின்றாள். “மேடம் ரொம்பப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாங்க சார். அவங்க மேல ஒரு குறையும் இல்ல. என் நாக்குதான் திரும்பல.”

ஆசிரியை அவளை நிமிர்ந்து பார்த்தார். வேலை கைவிட்டுப் போகிற நேரத்திலும் தனக்காகப் பரிந்து பேசுகிற பிள்ளை. ஒரு கணம் கண்களை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்ப, தேறலையா?” என்றார் மேனேஜர்.

“அவ தேறிட்டா சார். தேறாதது என் காது.”