ஏழு வளைவு பாக்கி

காரின் கூரையில் கட்டியிருந்த கயிற்றை, முடிச்சவிழ்க்கப் பொறுமையில்லாமல், கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார் மில்லிமீட்டர்.

முதல் பெட்டி சரிந்து தோளில் விழுந்தது. பொருட்படுத்தவில்லை. அடுத்ததை இழுத்தார்.

முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி விழித்து, இறங்கி, சுற்றிலும் பார்த்தாள். ஒரு டயர் கடை. ஒரு சிமெண்ட் கிடங்கு. கிடங்கின் மாடியில் ‘வீடு வாடகைக்கு’ என்று ஓர் அட்டை.

ஏரி எங்கே என்று கேட்டாள்.

ஏரி வேண்டாம், இங்கேயே குடியிருந்துவிடலாம் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று நாளாக மலையில் சுற்றுகிறார்கள். மிச்ச காலத்துக்கு ஓர் ஊர் வேண்டும். முதல் ஊரில் சுவரெல்லாம் ஓதம். இரண்டாவதில் ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டர். மூன்றாவதில் எல்லாம் சரி, வீட்டுக்காரிதான் மூச்சு விடாமல் பேசினாள். அந்த வேலைக்கு நான் ஒருத்தி போதாதா என்று இவளே வேண்டாமென்றுவிட்டாள்.

உண்மையில் அவள் மனசு உச்சியில் இருந்தது. பதினெட்டாவது வளைவைத் தாண்டினால் ஏரி. ஏரியைப் பார்த்த ஜன்னலோடு ஒரு வீடு. போட்டோ வந்துவிட்டது, வீட்டுக்காரர் சாவியோடு காத்திருக்கிறார். அந்த ஊருக்குத் தினம் இரண்டு நடை பஸ் ஓட்டியவரின் பெண்டாட்டி, ஒரு தடவைகூட அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

இப்போது நிற்பது பதினொன்றாவது வளைவுக்கு மேலே.

“முப்பது வருஷமா அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்குன்னீங்க. ஏழு வளைவு பாக்கி இருக்கும்போது கயித்த அறுக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

மூன்றாவது பெட்டியும் இறங்கியது.

சத்தம் கேட்டு வந்த டயர் கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். நம்ம மில்லிமீட்டர் அண்ணனா என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மழை நாளில், சரிந்து கிடந்த பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே, ஐம்பது பேரோடு பஸ்ஸைக் கீறல் படாமல் கொண்டுபோன கதையை அவர் மனைவியிடமே விவரித்தார். பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

கோபத்திலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே வேலையை எனக்காக விட்டுவிட்டு வந்தவராக்கும் என்றாள்.

மில்லிமீட்டர் பெட்டியைத் தூக்கும் சாக்கில் குனிந்துகொண்டார்.

மாடிக்குப் போய் வீட்டைப் பார்த்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. குழாய் நாலு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. ஜன்னலைத் திறந்தால் பழைய டயர்க் குவியல். திறந்த கையோடு சிமெண்ட் தூசி உள்ளே குடிவந்தது.

அருமையான வீடு என்றார் அவர்.

அடுத்து, இந்தக் காரை வாங்க ஆள் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் விசாரித்தார்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரி, வீடு வேண்டாம். அந்த ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டாவது திரும்பிவிடலாமே, அரைமணி நேரம்தானே என்றாள். சண்டைக் குரல் போய்விட்டிருந்தது. கெஞ்சல்.

அண்ணனுக்கு அசதியாக இருந்தால் நானே ஓட்டுகிறேன் என்றார் கடைக்காரர்.

நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீர்கள், இவர் ஸ்டியரிங்கை இன்னொருத்தர் தொட்டால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது இவருக்கு என்று அவளே முந்திக்கொண்டாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“உச்சியில இருக்கிற குளிர் உன் முட்டிக்கு ஆகாதாம். டாக்டர் சொன்னார். உங்கிட்ட சொல்ல மனசு வரல.”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

அவள் புடவையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டாள், தப்புச் செய்த பிள்ளையை ஒளித்துவைப்பவள் மாதிரி.

“முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? எனக்காக வேலையையும் விட்டுட்டு, இப்ப எனக்காகவே இந்தத் தூசியிலயும் இருக்கேங்கிறீங்க. நான் பாருங்க, வாயில வந்ததைத் திட்டிட்டேன்.”

உடனே ஏரி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்டாள். என் முட்டிதான் காரணம் என்று அவளே சொன்னாள்.

மில்லிமீட்டரால் அங்கே நிற்க முடியவில்லை. மடமடவென்று கீழே இறங்கி, காரின் இடது பின்கதவுக்கு வந்தார். அதில் ஐந்து விரலும் பதிந்த செம்மண் தடம் ஒன்று இருந்தது. அவள் வருவதற்குள் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

டாக்டர் சொன்னது நிஜம்தான். முட்டியைப் பற்றி அல்ல.

வேலையை அவர் விடவில்லை. பணிமனையின் கண் பரிசோதனைக்குப் பிறகு ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்கள். இடப்பக்கப் பார்வையில் பாதி போய்விட்டது, இனி சைக்கிள்கூடத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். பழகிய மலை, மூன்றே நாள் என்று இவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பதினொன்றாவது வளைவில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் பளீரென்று அடித்தது. சாலை ஓரத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவன் போட்டிருந்தது ஆரஞ்சு நிறச் சட்டை. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வருகிறவனுக்கும் தெரியட்டும் என்று கொடுக்கிற சட்டை.

அவன் வாய்க்காலில் விழுந்து எழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தவில்லை.

அதற்கு முன்னால் அவனைப் பார்க்கவே இல்லை. கதவில் அந்தக் கை அறைந்த பிறகுதான், அங்கே ஓர் ஆள் நின்றிருந்தான் என்பதே மில்லிமீட்டருக்குத் தெரிந்தது.