சத்தம் போடாத டிராலி

ஆறாம் வார்டில் மருந்து டிராலிகள் இரண்டு இருந்தன. ஒன்று ரிப்பேருக்குப் போனது போனதுதான். அதன் சுமையும் மற்றதன் தலையில் விழுந்தது. நாற்பது கட்டிலுக்கும் ஒற்றை ஆளாக ஓடி ஓடி, அதன் ஒரு சக்கரம் தேய்ந்து கிறீச் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது.

கத்தினால் யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று டிராலி நம்பியது. கேட்டார்கள். "பேஷண்டுக்குத் தொந்தரவு" என்று எண்ணெய் விட்டார்கள். எண்ணெய் காய்ந்ததும் மறுபடி கத்தியது. ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, "தெய்வம் மாதிரி உழைக்குது" என்று கும்பிட்டார்கள். சுமையை மட்டும் ஒருவரும் இறக்கவில்லை.

ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது. வாசலோரம் நின்ற டிரிப்ஸ் ஸ்டாண்டுக்கு ஒரே சந்தோஷம்.

"அக்கா, வலி போயிடுச்சா?"

"எங்கடி போகும்? சக்கரம் சுத்தினாத்தானே கத்தும். சுத்துறதையே விட்டுட்டேன். தள்ளுறாங்க, இழுபட்டுப் போறேன்."

"பதினொண்ணாம் கட்டில் பொண்ணு காலையில இருந்து அழுவுது. முன்னெல்லாம் நீதானே முதல்ல ஓடுவே?"

"அழுவுதா?" என்றது டிராலி. "எனக்குக் கேக்கலையே."

ஸ்டாண்டு தரையைப் பார்த்தது. டிராலி வந்த வழி நெடுக ரப்பர் தேய்ந்த கறுப்புக் கோடு.

அப்போது ரவுண்ட்ஸ் வந்த மேட்ரன் அம்மா, டிராலியைத் தள்ளச் சொல்லிக் காதுகொடுத்துக் கேட்டார்.

"பரவாயில்லையே, சத்தமே காணோம்! அந்தக் கோட்டை மட்டும் துடைச்சிட்டு, ஏழாம் வார்டு மருந்தையும் இதுலயே ஏத்திடுங்க."