மேல்தட்டில் யாருக்கு இடம்?

ஒரு கடையில், வீடியோ கேம் ஆட உதவும் கன்சோல்களைப் பிறர் பயன்படுத்திய பிறகு வாங்கி விற்றார்கள். புதிய தலைமுறைக்கு மேல்தட்டு, பழைய தலைமுறைக்குக் கீழ்த்தட்டு. கீழே போனதை உதிரிபாகத்துக்காகக் கழற்றிவிடுவார்கள். அதனால் மேல்தட்டிலிருந்த கருப்பன், வெள்ளையன் என்ற இரண்டு கன்சோல்களும், தங்கள் இடம் போய்விடுமோ என்று யார் வந்தாலும் சந்தேகமாகவே பார்த்தன.

ஒருநாள் சிட்டு என்ற சின்னக் கன்சோல் வந்து நடுவில் உட்கார்ந்தது. கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம்.

"நீ எந்தத் தலைமுறை?" என்று கேட்டது கருப்பன்.

"தெரியலையே அண்ணே. போன வருஷம்தான் வந்தேன்."

"வருஷத்தை விடு. வேகம் எவ்வளவு?"

சிட்டு சொன்னது. கருப்பன் சிரித்தது. "இது கீழ்த்தட்டு வேகம். வயசைக் குறைச்சுச் சொல்லுது."

"யாருக்குப் போட்டியா உன்னை இறக்கினாங்க? அதைச் சொல்லு, தலைமுறை தெரிஞ்சிடும்" என்றது வெள்ளையன்.

"யாருக்கும் போட்டியா வரலையே."

"பார்த்தீங்களா அண்ணே, மழுப்புது!"

அப்போது ஒரு பெண் வந்து, "ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர் சிட்டுவை எடுத்துக் கொடுத்தார். அவள் தலைமுறையைப் பற்றிக் கேட்கவேயில்லை.

காலியான இடத்துக்குக் கடைக்காரர் ஒரு பெரிய புதுக் கன்சோலைத் தூக்கிவந்தார். இடம் போதவில்லை. இரண்டில் ஒன்றைக் கீழே இறக்க வேண்டும். அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பயப்படாதே தம்பி, நாம ரெண்டு பேரும் ஒரே தலைமுறைதானே" என்றது கருப்பன்.

வெள்ளையன் சற்றே தள்ளி உட்கார்ந்தது.

"அப்படின்னு யார் சொன்னது?"