டீச்சரம்மா உட்கார்ந்த இடம்

"இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளுங்க அண்ணே. புகை வருது!"

"புகை வராம வேகுமா? நீ பயந்து சாகாம உள்ள போ," என்றார் தோட்டக்காரர் பாத்ரிசியோ.

நசாரியா போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அவள் யோகா முகாமின் சமையல்காரி. முகாமுக்குள் மாமிசம் கூடாது, முட்டைகூடக் கூடாது. பன்றி வறுவல் கொண்டுவந்து தின்ற காவல்காரரை முதலாளி அர்மெந்தா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்படிப்பட்ட இடத்தின் பின்பக்கத் தோட்டத்தில்தான் நசாரியா இப்போது கோழியைப் புதைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு வழி இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, செத்தவர்களின் ஆவிகள் தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள் இன்றைக்கு. அவள் புருஷன் வெனான்சியோ போன பிறகு வரும் முதல் நாள். சோள மாவுக்குள் கோழியை வைத்து, வாழை இலையில் கட்டி, சுட்ட கற்களோடு மண்ணுக்குள் மூடும் பிப் இல்லாமல் ஒரு படையலா? அதுவும் அவள் கையால் செய்த பிப்பைத் தவிர வேறு யார் வீட்டுப் பிப்பையும் அவர் தொட்டதில்லை.

லீவு கேட்டாள். பல ஊர்களிலிருந்தும் விருந்தாளிகள் வந்திருக்கும் நேரம், கிடையாது என்றுவிட்டார்கள். இங்கேயே சுட்டு, சாயங்காலக் கடைசி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று துணிந்துவிட்டாள்.

முகாமின் கூடத்திலும் ஒரு படையல் இருந்தது. செவ்வந்திப் பூ, மெழுகுவர்த்தி, பப்பாளி, கேரட்.

"ஆவிகளுக்கு வெளிச்சமும் வாசனையும் போதும். உயிரைக் கொன்னு வைக்க வேண்டாம்," என்று யோகா டீச்சர் இவோன் விருந்தாளிகளுக்குச் சொல்லியிருந்தாள்.

"கேரட்டைப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பிடுவாரு," என்று நசாரியா அடுப்படியில் முணுமுணுத்ததோடு சரி.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எட்டிப் பார்த்த பாத்ரிசியோவின் முகம் வெளுத்தது.

"முதலாளி!"

அதே நேரம் கூடத்திலிருந்து இவோன் வெளியே வந்தாள். அவள் பின்னால் பாய்களோடு விருந்தாளிகள்.

"இன்னைக்கு வகுப்பு தோட்டத்துல. எல்லாரும் மரத்தடியில படுங்க. சவாசனம்."

சொல்லிக்கொண்டே நேராகக் குழி இருந்த இடத்துக்கு வந்தாள். புது மண்ணைக் காலால் ஒருமுறை மிதித்தாள். அதன்மேல் பாயை விரித்தாள். சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நசாரியா பாத்ரிசியோவின் பின்னால் ஒதுங்கினாள். டீச்சரம்மா பார்த்துவிட்டாள். எல்லார் முன்னாலும் மாட்டிவைக்கப் போகிறாள்.

"உசிரோட இருக்கறவங்க செத்த மாதிரி படுத்திருக்காங்க. செத்தவங்க சோத்துக்குக் கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க. நல்ல ஊருதான் போ," என்றார் பாத்ரிசியோ.

"சிரிப்பு வருதா உங்களுக்கு? அடியில பிப் தீயுதுண்ணே!"

நசாரியா அடுப்படிக்குள் ஓடினாள். பின்னாலேயே முதலாளி மூக்கை நீட்டினார். "என்ன நசாரியா, புகை வாடை?"

"சாம்பிராணி சார். இன்னைக்கு நாள் அப்படி."

"சாம்பிராணியில பூண்டு வாசமா வரும்?"

கேட்டுக்கொண்டே அவர் தோட்டத்தில் இறங்கிவிட்டார். வாழைமரத்தடியில் குனிந்து பார்த்தார். குப்பைமேட்டைக் குச்சியால் கிளறினார். கடைசியில் இவோன் பக்கம் வந்து நின்றார். அவள் கண்ணைத் திறக்காமல் உதட்டின்மேல் விரலை வைத்தாள். முதலாளி சட்டென்று பூனை நடை நடந்து, அடுப்படிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு முடியக் காத்திருக்கிறார்!

இவோன் முடிக்கிற வழியாக இல்லை. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது.

"டீச்சரைப் பாருங்க, உள்ளே இருக்கற அக்கினி எழும்புது," என்று தலைநகரிலிருந்து வந்த அம்மாள் பக்கத்துப் பாய்க்காரியிடம் கிசுகிசுத்தாள்.

"டீச்சர், எனக்குக் கால் மரத்துப்போச்சு," என்றது ஒரு குரல்.

"மரத்துப்போகட்டும். மூச்சைக் கவனிங்க."

நசாரியா கையைப் பிசைந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிப் கரிந்திருக்குமோ? பஸ் போய்விடுமோ? வெறும் தட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் திரும்பிப் போய்விடுவாரோ? இத்தனை இருந்தும் அந்தப் பாவி மனுஷி இடத்தை விட்டு அசையமாட்டேன் என்கிறாளே!

முதலாளி ஒரு கொட்டாவி விட்டார். இன்னொன்று விட்டார். எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாசல் பக்கம் நடந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"போதும். எல்லாரும் போய்க் குளிங்க," என்றாள் இவோன்.

விருந்தாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. நசாரியா பக்கத்தில் போனாள்.

"டீச்சரம்மா, மன்னிச்சிடுங்க. முதலாளிகிட்ட மட்டும்..."

"அவர் கார் திருப்பம் தாண்டிடுச்சா, அதைச் சொல்லு."

"தாண்டிடுச்சு."

"அப்பாடா!" இவோன் துள்ளி எழுந்து பின்பக்கத்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "எவ்வளவு கல்லைப் போட்டு வச்சிருக்க நீ? கார் வர்றப்போ உன் புகை மரத்துக்கு மேல நின்னுச்சு. அதை அடைக்க நான் வேற எங்க உட்காருவேன்? தோண்டு சீக்கிரம், பஸ்ஸை விட்டுடாதே."

நசாரியா பாயை இழுத்து ஓரமாகப் போட்டாள். பாத்ரிசியோ மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

இவோன் கூடத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நசாரியா, தொடைக்கறியா ஒரு துண்டு வச்சிட்டுப் போ. ரெண்டு வருஷமா எங்கப்பாவுக்கும் படையல்ல வெறும் பப்பாளிதான்."